டைல்ஸ் கடைக் கணக்கில் ஒளிந்திருக்கும் வரைபடக் கட்டணம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சொந்த வீடு கட்டி மனம் நொந்துபோன வாசகர் ஒருவரின் கடிதத்தை அண்மையில் இந்தப் பகுதியில் படித்தேன். வரைபடத்துக்குப் பணம் வாங்கிக்கொண்ட ஆர்க்கிடெக்ட் அதன்பிறகு மனைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லையாம். கடைசியில் மேஸ்திரியை வைத்து வீட்டை முடித்தாராம். ஆகவே யாரும் ஆர்க்கிடெக்ட்டைத் தேடிப் போய்ப் பணத்தைத் தொலைக்க வேண்டாம் என்று முடித்திருந்தார். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. அவர் சொல்லும் வழியைத்தான் ஏற்க முடியவில்லை. மேஸ்திரியை மட்டும் வைத்துக் கட்டினாலும் அவர் ஆர்க்கிடெக்ட் கட்டணம் கட்டித்தான் இருப்பார். யாருக்குக் கட்டினோம் என்பது அவருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

நான் ஆர்க்கிடெக்ட் அல்ல, இன்ஜினியரும் அல்ல. சேலத்தில் டைல்ஸ், சானிட்டரி சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மொசைக் தரைக்கு மவுசு இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்தேன்; ஆளுயர விட்ரிஃபைடு பலகைகளை நான்கு பேர் தூக்கி இறக்கும் காலத்தில் வெளியே வந்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். வீடு கட்டுகிறவர்கள் அந்தக் கடைக்கு முன்வாசல் வழியாக, குடும்பத்தோடு, நல்ல நேரம் பார்த்து வருவார்கள். அவர்களைக் கூட்டி வந்தவர் மாதக் கடைசியில் தனியாக, மாடியில் இருந்த கணக்கு அறைக்கு வருவார். இந்த இரண்டு வருகைகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி எழுதுவதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

மாடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. தேதி, பில் எண், வீட்டுக்காரர் பெயர், பில் தொகை, கூட்டி வந்தவர் பெயர், அவருக்குச் சேர வேண்டியது. கடைசி இரண்டு பத்திகள் வேறு எந்தக் கணக்கிலும் இருக்காது. பிற்பாடு கம்ப்யூட்டர் வந்தபோது மற்ற எல்லாம் அதற்குள் போயின. அந்த நோட்டு மட்டும் நோட்டாகவே இருந்தது. கூட்டி வந்தவர்கள் எல்லோரும் ஆர்க்கிடெக்ட்டுகள் அல்லர். இன்ஜினியர், மேஸ்திரி, பிளம்பர், டைல்ஸ் ஒட்டுகிறவர், சில சமயம் வீட்டுக்காரரின் சொந்த மைத்துனர் என்று எல்லாத் தரப்பும் உண்டு. ஆனால் பெரிய பில்கள் பெரும்பாலும் படித்துப் பட்டம் வாங்கியவர்களின் பெயரில்தான் ஏறும்.

எல்லாப் பொருளுக்கும் கமிஷன் கிடையாது. வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிமெண்ட்டுக்கும் கம்பிக்கும் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. ஒரு மூட்டை சிமெண்ட் இன்றைக்கு என்ன விலை, ஒரு டன் கம்பி என்ன விலை என்று கடைவீதியில் நாலு பேரை விசாரித்தால் தெரிந்துவிடும். குளியலறைச் சுவர் டைல்ஸின் விலையை யாரிடம் விசாரிப்பது? பெரும்பாலான சரக்கு குஜராத்தின் மோர்பி வட்டாரத்திலிருந்துதான் லாரியில் வந்து இறங்குகிறது. அளவு ஒன்று, பளபளப்பு ஒன்று. பெட்டியின் மேலுள்ள பெயரும் எண்ணும் மாறினால் சதுர அடி விலை எங்கேயோ போய்விடும். குழாய், ஷவர், கழிப்பறைப் பீங்கான் இவற்றில் அச்சிட்ட விலைக்கும் கடையின் அடக்க விலைக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும். அந்த இடைவெளிக்குள்தான் வீட்டுக்காரருக்குத் தள்ளுபடி, கூட்டி வந்தவருக்குக் கமிஷன், முதலாளிக்கு லாபம் மூன்றும் உட்கார்ந்திருக்கும். அலங்கார விளக்கு, மாடுலர் கிச்சன் ஆகியவற்றில் இடைவெளி இன்னும் அகலம் என்று அந்தத் தொழிலில் இருந்த நண்பர்கள் சொல்வார்கள்.

இதனால் வீட்டுக்காரருக்கு என்ன நஷ்டம், தள்ளுபடிதான் அவருக்கும் கிடைக்கிறதே என்று கேட்கலாம். பணம் போவதைவிடப் பெரிய நஷ்டம் வேறு இருக்கிறது. வயதான மாமியார் வீட்டில் இருக்கிறார், குளியலறைக்குச் சொரசொரப்பான தரை டைல்ஸ் போதும் என்று ஓர் அம்மாள் விலை குறைந்த ஒன்றை எடுத்துக் காட்டுவார். கூட்டி வந்தவர் அதைக் கையால் தடவிப் பார்த்து, அழுக்குப் பிடிக்கும், நாளாக ஆக நிறம் மங்கும் என்பார். விற்பனைப் பையனும் தலையாட்டுவான். அந்த அம்மாள் பாவம், படித்தவர் சொல்கிறாரே என்று வழவழப்பான விலை கூடிய டைல்ஸுக்குச் சம்மதிப்பார். அந்த நேரத்தில் அந்த ஆர்க்கிடெக்ட் யாருக்கு வேலை பார்க்கிறார்? மாடியில் நோட்டை வைத்துக்கொண்டிருந்த எனக்குப் பதில் தெரியும். அந்த அம்மாளுக்குத்தான் தெரியாது.

கமிஷன் என்று கணக்கில் எழுதினால் மூலத்திலேயே வருமான வரி பிடிக்க வேண்டிவரும். ஆகவே அது வண்டி வாடகை, ஏற்றுகூலி, விளம்பரச் செலவு என்று பல தலைப்புகளில் கரைந்துபோகும். வருட முடிவில் எங்கள் கடையின் ஏற்றுகூலிக் கணக்கைப் பார்த்தால் சேலம் முழுவதையும் பெயர்த்து எடுத்து வேறு ஊரில் இறக்கியது போலத் தோன்றும்.

ஒருவர் மட்டும் கமிஷன் கவரைத் திருப்பிக் கொடுத்தார். அஸ்தம்பட்டிப் பக்கம் அலுவலகம் வைத்திருந்த வயதான ஆர்க்கிடெக்ட். அந்தத் தொகையை வீட்டுக்காரர் பில்லிலேயே கழித்து, புது பில் போட்டுத் தாருங்கள் என்றார். கமிஷன் வாங்கிக்கொண்டவர்கள்மேல் ஒருநாளும் கோபப்படாத முதலாளிக்கு அன்று வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். புது பில்லைப் பார்த்தால் வீட்டுக்காரருக்கு விலையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரிந்துபோகும் அல்லவா? அவர் தம் சொந்தக்காரர்களிடம் சொல்வார். அதற்குப் பிறகு அந்த ஆர்க்கிடெக்ட்டின் வாடிக்கையாளர்கள் வந்தால் எங்கள் பையன்கள் புது மாடல்களை எடுத்துக் காட்டவே சோம்பல்படுவார்கள்.

அவர் செய்தது பெருந்தன்மை என்று அன்று நினைத்திருந்தேன். விதியே அதுதான் என்பது ஓய்வுக்குப் பிறகு படித்தபோதுதான் தெரிந்தது. 1972-ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் ஆர்க்கிடெக்ட்டுகள் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அமைந்ததுதான் கட்டடக்கலைக் கவுன்சில். தொழில் நடத்தை விதிமுறைகள் 1989-இல் வந்தன. வாடிக்கையாளரையோ வேலையையோ அறிமுகப்படுத்துவதற்காகத் தள்ளுபடி, கமிஷன், பரிசு எதையும் கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. பணி நிபந்தனைகளையும் கட்டண விகிதத்தையும் வாடிக்கையாளரிடம் தெரிவித்து, அவற்றையே நியமனத்தின் அடிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் இருக்கிறது. கட்டுமான ஒப்பந்தத்தை நிர்வகிக்கும்போது நியாயமாக, நடுநிலையாக நடக்க வேண்டும் என்றும் இருக்கிறது. மீறினால் கவுன்சிலிடம் புகார் கொடுக்கலாம். விசாரணையில் குற்றம் உறுதியானால் கண்டிக்கலாம், தொழில் செய்வதை நிறுத்தி வைக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே நீக்கலாம்.

இவ்வளவும் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட்டுக்குத்தான். ஆர்க்கிடெக்ட் என்ற பட்டத்தைப் பதிவு இல்லாதவர் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதுதான் சட்டம். கட்டடத்தை வடிவமைக்கும் வேலையையே மற்றவர்கள் செய்யக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ஐந்து ரோட்டிலிருந்து கொண்டலாம்பட்டி வரை பெயர்ப்பலகை வைத்திருக்கும் பில்டிங் டிசைனர்கள் வரைபடம் போடுவதில் சட்டப்படி தவறு இல்லை. அவர்களை இந்த 1989 விதிமுறைகள் கட்டுப்படுத்தாது. இன்ஜினியர்களுக்கு இதுபோல நாடு முழுவதற்குமான சட்டம் இன்னும் வரவில்லை. மேஸ்திரியை வைத்து முடித்தேன் என்று எழுதிய வாசகர் இதை யோசிக்க வேண்டும். ஆர்க்கிடெக்ட் ஏமாற்றினால் புகார் கொடுக்க அவருக்கு ஒரு கவுன்சிலாவது இருந்தது.

சரி, படித்தவர்கள் ஏன் மாடியேறி வந்து கவர் வாங்குகிறார்கள்? பேராசை என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நோட்டை எழுதியவன் என்ற முறையில் எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் படுகிறது. மீதிப் பாதி வீட்டுக்காரர்களுடையது. கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளிக் கொலுசு செய்கிற ஊர் நம்முடையது. செய்கூலி இல்லை, சேதாரம் இல்லை என்று ஒரு நகைக்கடை விளம்பரம் போட்டால் செவ்வாய்ப்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர் சிரிப்பார். கூலி எங்கே ஏறியிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதே மனிதர் வீடு கட்டும்போது, பிளான் இலவசம், சதுர அடிக்கு இவ்வளவு, சாவியைக் கையில் கொடுத்துவிடுகிறோம் என்று சொல்பவரிடம் போய் முன்பணம் கட்டுவார். வரைந்து கொடுப்பதற்குத் தனியாகப் பணம் கேட்கும் ஆர்க்கிடெக்ட்டிடம் மட்டும், நாலு கோடு போடுவதற்கா இத்தனை ரூபாய் என்று பேரம் பேசுவார். பேரத்தில் கட்டணம் பாதியாகும். அந்தப் பாதியில் வரைவாளர் சம்பளமும் அலுவலக வாடகையும் நடக்காது. மீதிக்கு எங்கள் மாடி இருந்தது. வீட்டுக்காரர் முன்வாசலில் கொடுக்க மறுத்த பணத்தை, அவர் பில்லிலிருந்தே எடுத்து, நாங்கள் மாடியில் கொடுத்தோம். கூடவே எங்கள் லாபத்தையும் வைத்துக்கொண்டோம்.

பிளான் இலவசம் என்பதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. கட்டுகிறவரே வரைகிறார் என்றால், அவர் கட்டியதைப் பார்த்துச் சரி என்று சொல்வது யார்? கூரைக்குக் கம்பி கட்டி முடித்தபின், கான்கிரீட் கொட்டுவதற்கு முன், வரைபடத்தில் உள்ள கனமும் இடைவெளியும் அங்கே இருக்கின்றனவா, கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக்கை அடியில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கொட்டிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. ஒப்பந்ததாரர் கொடுக்கும் பில்லில் உள்ள அளவும் மனையில் முடிந்த வேலையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்கச் சொல்ல வேண்டும். வீட்டுக்காரருக்கு இது தெரியாது. தெரிந்தவருக்குப் பணம் கொடுத்து வைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் ஆர்க்கிடெக்ட் கட்டணம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட்டுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அந்தச் சமயத்தில் சதுர அடி ஒப்பந்தத்தில் கட்டிக்கொண்டிருந்த என் உறவினர்கள் சிலரிடம், உங்கள் ரேட்டில் ஏதாவது இறங்கியதா என்று விசாரித்தேன். கேட்க வேண்டும் என்பதே அவர்களுக்குத் தோன்றவில்லை. கேட்டுச் சொல்ல அவர்கள் தரப்பில் ஆளும் இல்லை.

வாசகரின் முக்கியமான குறை, ஆர்க்கிடெக்ட் மனைக்கு வரவில்லை என்பது. இதில் அவர் சொன்னதை முழுதாக ஒதுக்கவும் முடியாது, முழுதாக ஒப்புக்கொள்ளவும் முடியாது. கவுன்சிலின் பணி நிபந்தனைகளில் வேலை கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: முதல் யோசனை, பூர்வாங்க வடிவமைப்பு, அனுமதிக்கான வரைபடங்கள், வேலைக்கான விரிவான வரைபடங்கள், ஒப்பந்ததாரர் தேர்வு, கட்டுமானம், நிறைவு. கட்டணமும் அப்படியே கட்டம் கட்டமாக. கட்டுமானக் கட்டத்தில் ஆர்க்கிடெக்ட் அவ்வப்போது வந்து பார்ப்பார். தினமும் நின்று மேற்பார்வை பார்ப்பதற்கு வீட்டுக்காரர் செலவில் தனி ஆள் வைக்க வேண்டும். இதை வேலை தொடங்கும் முன்பே சொல்லியிருந்தால் வாசகர் தினமும் எதிர்பார்த்து ஏமாந்திருக்க மாட்டார். சொல்லிவிட்டு, வர வேண்டிய கட்டங்களிலும் வராமல் இருந்திருந்தால் அது சேவைக் குறைபாடு. சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. ஆனால் அங்கே போனால் முதலில் கேட்பது காகிதத்தை. என்ன பேசினீர்கள், எங்கே எழுதியிருக்கிறது, ரசீது எங்கே? எழுதிக்கொள்ளாமல் ஆரம்பித்த வேலையில் இரண்டு பேருமே உத்தமர்கள்தாம், கேட்டுப் பாருங்கள்.

என் மகள் கன்னங்குறிச்சியில் வீடு கட்டியபோது நான் பிடிவாதமாக இருந்தது இந்த ஒன்றில்தான். இளம் ஆர்க்கிடெக்ட் ஒருவரை மாப்பிள்ளை கண்டுபிடித்தார். முதல் சந்திப்பில் அந்தப் பெண் பென்சிலையே எடுக்கவில்லை. சமையல் யார், காலையில் எத்தனை மணிக்கு அடுப்பு எரியும், நான் படி ஏறுவேனா, விருந்தாளிகள் இரவு தங்குவார்களா, மூக்கனேரிப் பக்கத்துக் காற்று வீட்டுக்குள் வர வேண்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். என் மனைவிக்கு அவரைப் பிடித்துவிட்டது. கண்ணு, முதலில் சாப்பிடு என்று உட்கார வைத்துவிட்டாள். மாப்பிள்ளைக்கு மட்டும் ஏமாற்றம். வீட்டின் முன்தோற்றத்தைக் காட்டும் எலிவேஷன் படம் ஒன்றையாவது கொண்டுவருவார் என்று எதிர்பார்த்திருந்தார்.

படத்துக்குப் பதிலாக ஓர் ஒப்பந்தம் வந்தது. எந்தக் கட்டத்தில் என்னென்ன வரைபடம் தருவார், எந்தக் கட்டத்தில் எவ்வளவு தொகை, மனைக்கு எந்தெந்த நிலையில் கட்டாயம் வருவார், நாங்கள் மனம் மாறி ஒப்புக்கொண்ட வரைபடத்தைத் திருத்தச் சொன்னால் அதற்கு என்ன கட்டணம், பாதியில் பிரிய நேர்ந்தால் அதுவரைக்குமான கணக்கு எப்படி என்று எல்லாம் இருந்தது. கடைகளிடமிருந்தோ ஒப்பந்ததாரரிடமிருந்தோ எந்த வகையிலும் பணமோ பொருளோ பெற மாட்டேன், கிடைக்கிற தள்ளுபடி முழுவதும் உரிமையாளர் பெயரிலுள்ள பில்லில்தான் வரும் என்றும் ஒரு பத்தி. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கணக்குப்பிள்ளை வீட்டில் வந்து இதை எழுதிக் கொடுக்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது.

தொகையைப் பார்த்த மாப்பிள்ளை, இந்தப் பணத்துக்கு ஒரு குளியலறையையே கட்டிவிடலாமே மாமா என்றார். கட்டலாம்தான். டைல்ஸ் வாங்க நானும் அந்தப் பெண்ணோடு ஒரு கடைக்குப் போனேன். என் பழைய கடைக்கு அல்ல. தள்ளுபடியைப் பில்லில் காட்டுங்கள், எனக்கு எதுவும் எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதும் விற்பனைப் பையன் முதலாளியைப் பார்த்தான். முதலாளி என்னைப் பார்த்தார். என்னைத் தெரிந்தவர். அதற்குமேல் பேச்சு வளரவில்லை. பில் ஒழுங்காக வந்தது. அன்றைக்குப் பில்லில் குறைந்த தொகையை நான் வீட்டுக்கு வந்து தனியே குறித்துவைத்தேன். குழாய், மின்சாமான், கதவு எல்லாவற்றிலும் இப்படிக் குறைந்ததைக் கூட்டிப் பார்த்ததில், கட்டணத்தின் கணிசமான பகுதி அதிலேயே வந்துவிட்டது. மாப்பிள்ளையிடம் அந்தக் காகிதத்தை நீட்டினேன். அவர் இரும்பாலையில் வேலை பார்ப்பவர், எண்களை மதிக்கத் தெரிந்தவர்.

அந்தப் பெண்ணிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். விரிவான வரைபடங்கள் சொன்ன தேதிக்கு வரவில்லை. மேஸ்திரி ஆட்களை வைத்துக்கொண்டு எனக்கு போன் மேல் போன் போட்டார். வெளிச்சுவரைப் பூசாமல் செங்கல் தெரிய விட வேண்டும் என்று அந்தப் பெண் ஒரே பிடிவாதம். மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கவலைப்பட என்னால் முடியாது என்று நான் பிடிவாதம். படிக்கட்டை மனையடி சாஸ்திரப்படி நகர்த்த வேண்டும் என்று சம்பந்தி வீட்டார் கிளம்பினார்கள். நகர்த்தினால் சமையலறையின் வெளிச்சம் போகும் என்று வரைந்தே காட்டினார். கடைசியில் பூசிய சுவர் எங்களுக்கு, படிக்கட்டு அவருக்கு என்று முடிந்தது. எழுதி வைத்திருந்ததால் சண்டை சுவரைப் பற்றியே இருந்தது, பணத்தைப் பற்றிப் போகவில்லை.

ஏற்காடு மலையில் கட்டுவது தனி விவகாரம். மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அரசு 1990-இல் அமைத்தது. ஏற்காட்டு மலைக் கிராமங்கள் அதன் வரம்புக்குள் வருகின்றன. அங்கே கட்டுவதற்குச் சமவெளியில் வாங்கும் அனுமதி மட்டும் போதாது. மரம் வெட்டுவதற்கும் தனியே கேட்க வேண்டும். வெளியூர்ப் பணக்காரர் ஒருவர் மஞ்சக்குட்டைப் பக்கம் காப்பித் தோட்டம் வாங்கி, சரிவில் வரிசையாகக் காட்டேஜ் கட்ட வேண்டும் என்று வந்தார். எங்கள் கடைக்கு வந்துபோகும் ஆர்க்கிடெக்ட் ஒருவர் மனையைப் போய்ப் பார்த்துவிட்டு, இந்தச் சரிவில் இத்தனை அறை கூடாது, சில்வர் ஓக் மரங்களை எடுத்தால் மண் நிற்காது, பாதியாகக் குறைத்தால் வரைகிறேன் என்றார். பணக்காரருக்குப் பிடிக்கவில்லை. அனுமதியையெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வேறொருவரைப் பிடித்தார். ஒருவர் ஏற்ற வேலையை இன்னொருவர் எடுப்பதானால், முன்னவரின் நியமனம் முடிந்துவிட்டது என்பதற்குச் சான்று பெற்று, முன்னவருக்கும் தகவல் கொடுக்க வேண்டும் என்று அதே 1989 விதிமுறைகள் சொல்கின்றன. அப்படி ஒரு தகவல் போயிருந்தால், ஏன் விலகினீர்கள் என்று இரண்டாமவர் முதலாமவரை ஒரு வார்த்தை கேட்டிருப்பார்.

ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் பயந்து, அந்தக் காட்டேஜ்களுக்கான சரக்கை அடிவாரத்தில் சிறிய வண்டிகளுக்கு மாற்றி ஏற்றி அனுப்பினோம். தாங்குசுவரில் தண்ணீர் வடிய ஓட்டை விடவில்லை என்று போய்வந்த டிரைவரே சொன்னார். ஐப்பசி மழையில் சுவர் வயிறு தள்ளியது, வேலை நின்றது. எங்கள் கடைக்கு வர வேண்டிய பாக்கியும் நின்றது. முடியாது என்று சொன்னவருக்கு அந்த வேலையில் ஒரு ரூபாய்கூடக் கிடைக்கவில்லை. மனைக்குப் போய் ஆலோசனை சொன்னதற்குக் கட்டணம் கேட்டிருக்கலாமே என்றேன். வேலையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு எப்படிக் கேட்பது என்றார். கேட்டிருக்க வேண்டும் என்பது இன்றைக்கும் என் கட்சி. சரி என்று சொன்னால் மட்டும் பணம் கிடைக்கும் என்ற நிலையில் ஒருவரை நிறுத்திவிட்டு, உண்மையை எதிர்பார்ப்பது நியாயமா?

வீட்டுக்காரர்கள் செய்கிற வேறு சில காரியங்களையும் சொல்லாமல் விட முடியாது. மூன்று ஆர்க்கிடெக்ட்டுகளிடம் இலவசமாக மாதிரி வரைபடம் வாங்கி, மூன்றையும் நாலாவதாக ஓர் இன்ஜினியரிடம் கொடுத்துச் சேர்த்து வரையச் சொல்வது. வரைந்தவருக்கு அந்த வரைபடத்தில் பதிப்புரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுச் சட்டம் கட்டடக்கலையையும் கலைப்படைப்பாகத்தான் கருதுகிறது. கிரகப்பிரவேசம் முடிந்ததும் கடைசித் தவணையை மறந்துவிடுவது. வெளிநாட்டிலிருக்கும் மகன் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, போட்ட கூரையை மாற்றச் சொல்வது. அழைப்பிதழில் மேஸ்திரியின் பெயர்கூட இருக்கும், வரைந்தவர் பெயர் இருக்காது.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளம், முதல் தளம் கட்டுவதற்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. முன்கூட்டிய கள ஆய்வு இல்லை. நல்ல வசதிதான். ஆனால் அனுமதி கிடைத்துவிட்டது, இனி எதற்கு ஆர்க்கிடெக்ட் என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். சான்று கொடுப்பவர் நீங்கள், பொறுப்பும் உங்கள் தலையில். அதிகாரி வந்து பார்க்காத இடத்தில் உங்கள் சார்பாகப் பார்க்க ஒருவர் வேண்டாமா என்று திருப்பிக் கேட்டேன்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கவுன்சிலின் பணி நிபந்தனைகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அம்மாப்பேட்டையில் தறி ஓட்டி, சீட்டுப் போட்டு, கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு அது கைக்கு எட்டாது. கன்னங்குறிச்சி வீட்டுக்கு எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தை, பெயர்களையும் தொகைகளையும் நீக்கிவிட்டு, அந்தப் பெண்ணின் சம்மதத்தோடு எளிய தமிழில் எழுதியிருக்கிறேன். வழக்கறிஞர் ஒருவரும் படித்துப் பார்த்தார். இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் வீடு, மனை இணைப்பில் அதை வெளியிட்டால் யார் வேண்டுமானாலும் கத்தரித்து எடுத்துக்கொண்டு போய் ஆர்க்கிடெக்ட்டிடமோ இன்ஜினியரிடமோ நீட்டலாம். இடம் போதாவிட்டால் மேற்பார்வை பற்றிய பகுதியை அடுத்த வாரத்துக்குத் தள்ளிக்கொள்ளுங்கள். கடைக் கமிஷன் பற்றிய பத்தியை மட்டும் முதல் வாரத்திலேயே போட்டுவிடுங்கள். தை பிறந்ததும் மனை பூஜைகள் தொடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கடைக் கணக்கர்,
அம்மாப்பேட்டை, சேலம்